செத்த ரயிலைக் கூப்பிட்டவன்

கோபன்ஹேகனில் சைக்கிளுக்கென்று தனிப் பாதை. கார் போகும் சாலையைவிடச் சற்று உயரமாக, நடைபாதையைவிடச் சற்றுத் தாழ்வாக, ஊர் முழுக்க ஓடுகிறது. நோரெப்ரோ சாலையில் காலை வேளையில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் மிதித்தால், நாம் வரும் நேரத்துக்கு ஒவ்வொரு சிக்னலும் பச்சையாகும்படி அமைத்திருக்கிறார்கள். கால் ஊன்றாமலேயே நகரத்தின் நடுவுக்குப் போய்விடலாம். துறைமுகத் தண்ணீருக்கு மேலே சைக்கிளுக்கு மட்டுமான வளைந்த பாலம் ஒன்று 2014-இல் திறந்தது. அதன்மேல்தான் வேலைக்குப் போகிறேன். பனி கொட்டினால் முதலில் சைக்கிள் பாதையைப் பெருக்கிவிடுகிறார்கள். என் வண்டிக்கு ஏழு கியர். செயின் எண்ணெயில் ஊறிச் சத்தமே போடாது.

மாயவரத்தில் எடுத்த வாடகை சைக்கிள் சத்தம் போட்டது. பெடல் ஒவ்வொரு சுற்றுக்கும் போய்ச் செயின் கவரை இடிக்கும். டக். ஒரு சுற்று அமைதி. மறுபடியும் டக். தை மாசக் கடைசி, விடிந்தும் விடியாத நேரம், செம்பனார்கோவில் சாலையின் இரு பக்கமும் பனி. முன்னால் போகிறவன் முதுகு தெரியவில்லை. ஐந்து வண்டிகளில் என்னுடையது மட்டும் இடித்துக்கொண்டே வந்தது. "டேய் டிரான்ஸ்பர், நீ மணியே அடிக்க வேணாம்டா" என்று முன்னாலிருந்து ஒரு குரல் வரும்.

அந்தக் குரலைப் பற்றித்தான் எழுத வந்தேன். சைக்கிளில் தொடங்கிவிட்டேன்.

1983-இல் திருச்சியில் கல்லூரி விடுதியில் சேர்ந்தபோது எங்களில் யாருக்கும் சொந்தப் பேர் நிலைக்கவில்லை. ஊர்ப் பேர்தான் பேர். சேலம், ஆம்பூர், தூத்துக்குடி. அவன் மாயவரம். அதற்கு முந்தின வருடமே அரசாங்கம் மயிலாடுதுறை என்று மாற்றியிருந்தது. விடுதிக்கு அந்த ஆணை எட்டவில்லை. எனக்குத்தான் சங்கடம். அப்பாவுக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றல் வரும் உத்தியோகம். எந்த ஊர் என்று கேட்டபோது எந்த ஊரைச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டு நின்ற கொஞ்ச நேரத்துக்குள் ‘டிரான்ஸ்பர்’ என்று வைத்துவிட்டார்கள். ஊரென்று ஒன்று இல்லாதவர்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால், விடுமுறைக்கு எல்லோரும் பெட்டி கட்டும்போது வரும் அந்த வெறுமை உங்களுக்குத் தெரியும். வீட்டுக்குப் போகலாம். ஊருக்குப் போக முடியாது.

அவனுக்கும் உண்மையில் மாயவரம் ஊரில்லை. ஆக்கூருக்கும் திருக்கடையூருக்கும் நடுவே, பெரிய ரோட்டிலிருந்து விலகி, வாய்க்கால் கரையில் ஒரே தெருவாக இருந்த சின்ன ஊர். 1977 நவம்பரில் நாகப்பட்டினத்தை அடித்த புயலில் வீடு விழுந்தது, குத்தகை நிலத்தில் நின்ற பயிர் தண்ணீரோடு போனது. அவன் அப்போது ஆறாவது படித்தான். அப்பா குடும்பத்தை ஆவடிக்குக் கொண்டுபோனார். அதோடு சரி, அவன் திரும்பிப் போகவே இல்லை. ஆனால் இரவில் விளக்கணைத்த பிறகு அவன் பேச ஆரம்பித்தால் அறை மாயவரம் தாண்டிப் போய்விடும்.

ஜூன் 12-இல் மேட்டூர் திறந்ததாகப் பேப்பரில் வரும். நமக்கெல்லாம் அது செய்தி. கடைமடைக்காரர்களுக்கு அது காத்திருப்பு. கல்லணையில் பிரிந்து, மறுபடி பிரிந்து, ஆறு வாய்க்காலாகி, வாய்க்கால் கன்னியாகி, அவன் தெருவுக்குத் தண்ணீர் வந்து சேர இரண்டு வாரம் ஆனாலும் ஆகும். அது வரும் முகத்தை அவன் சொல்லிக் கேட்கவேண்டும். முதலில் தண்ணீர் தெரியாதாம். சருகும் நுரையும் செத்த பூச்சிகளும் மிதந்த ஒரு பழுப்புக் கோடு, வெடித்த மண்ணின் பிளவுக்குள் இறங்கி, நிரம்பி, மேலேறி, கொஞ்சம் நின்று, பிறகு நகருமாம். பிள்ளைகள் அதற்கு முன்னால் ஓடுவார்கள். ஓடி, மதகில் ஏறி உட்கார்ந்துகொண்டு, வாய்க்காலுக்குள் காலைத் தொங்கப்போட்டுக் காத்திருப்பார்கள், தண்ணீர் வந்து பாதத்தைத் தொடும்வரை. "முதல்ல வெதுவெதுன்னு இருக்கும்டா. வெயில்ல காஞ்ச மண்ணு சூடு." இதைச் சொல்லிவிட்டு அவன் கொஞ்ச நேரம் பேசமாட்டான். இருட்டில் நாங்களும் காலை இழுத்துக்கொள்வோம்.

ஆடிப்பெருக்குக்குச் சப்பரத்தட்டி இழுத்தது, பூவரச இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதியது, நண்டு வளையில் கைவிட்டது, எல்லாம் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே ரயில் உண்டு.

மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு ஒரு மீட்டர்கேஜ் பாதை ஓடியது. சுமார் 30 கிலோமீட்டர். மன்னம்பந்தல், செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையார் என்று நின்று நின்று போகும். அவன் வீட்டுக் கொல்லைப்புறம் முடியும் இடத்தில் ரயில் மேடு. வீட்டில் கடிகாரம் கிடையாது. காலை வண்டி போனால் அம்மா உலை வைப்பாள். அது திரும்பி வருவதற்குள் சோறு வடித்தாக வேண்டும். தெரு திரும்பும் இடத்தில் கேட்டு. கேட்டுக்காரர் கட்டில் போட்டுப் படுத்திருக்கும் ஒரு மரம். கேட்டு வருவதற்கு முன் கரி இன்ஜின் ஒரு கூவல் போடும். அந்தக் கூவலை அவன் அப்படியே போடுவான். இரண்டு உள்ளங்கைகளையும் வாயருகே குவித்து, அடித்தொண்டையில் தொடங்கி, நடுவில் உடைத்து, கடைசியில் இழுத்து. விடுதி வார்டன் ஒருமுறை கதவைத் தட்டிவிட்டு, என்ன கேட்பதென்று தெரியாமல் போய்விட்டார்.

1986-இல் அந்தப் பாதையை நிறுத்தினார்கள். மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தோம். பேப்பரில் சின்னத் துணுக்கு. மெஸ்ஸில் யாரோ படித்துக் காட்டினார்கள். 1926-இல் ஓடத் தொடங்கிய வண்டி. அவன் விரல்விட்டு எண்ணிப் பார்த்து, "அறுபது முடிஞ்சுது. திருக்கடையூர்ல மணிவிழா பண்ணி அனுப்பிட்டானுவோ" என்று சிரித்தான். கணவனுக்கு அறுபது நிறைந்தால் தம்பதிகளுக்கு மறுபடி தாலி கட்டி வைக்கும் ஊர் திருக்கடையூர். அந்த வண்டி நின்று போகும் ஊரும்கூட. நாங்களும் சிரித்தோம். அன்றிரவு விளக்கணைத்த பிறகு அவன் பேசவில்லை.

பத்து வருடம் கழித்து அவன்தான் எழுதினான். சேலத்துக்கு, ஆம்பூருக்கு, தூத்துக்குடிக்கு, எனக்கு. எனக்கு டென்மார்க்கில் வேலை கிடைத்து விசாவுக்குக் காத்திருந்தேன். "நீ போறதுக்குள்ள ஒரு தடவை எங்க ஊருக்குப் போயிடுவோம். பஸ்ல வேணாம். ரயில் இல்ல. ரயில் போன வேகத்துல போவோம், சைக்கிள்ல." எல்லாருக்கும் முப்பது வயது. இரண்டு பேருக்குக் கல்யாணமாகிக் கைக்குழந்தை. எப்படியோ எல்லாரும் வந்துவிட்டார்கள். இன்று ஐந்து பேரும் ஒரே நேரத்தில் போனில் வருவதற்கே ஒரு வாரம் முன்னாலிருந்து பேசவேண்டியிருக்கிறது.

மாயவரத்தில் சைக்கிள் கடைக்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். முழுக்கால் சட்டை, தோள்பை. வெளியூர்க்காரனுக்கு வண்டி தரமாட்டேன் என்றார். நாள் வாடகையை முன்பணமாக வைத்தும் நம்பிக்கை வரவில்லை. சேலத்தின் கைக்கடிகாரத்தைக் கழற்றி வாங்கிக் கல்லாவில் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு மட்கார்டிலும் வெள்ளைப் பெயிண்டில் எண். காற்று அடித்து, டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, "பொறையாரு தாண்டாதீங்க" என்றார். காளியாகுடி ஹோட்டலில் காபி குடித்துவிட்டுக் கிளம்பினோம். அந்தக் காபியைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தக் கட்டுரை முடியாது. இங்கே ஒரு குவளை காபிக்குக் கொடுக்கும் காசை ரூபாயில் பெருக்கிப் பார்ப்பதை நான் நிறுத்தி ரொம்ப நாளாகிறது, ருசியைப் பெருக்கிப் பார்ப்பதைத்தான் நிறுத்த முடியவில்லை.

செம்பனார்கோவிலுக்குக் கொஞ்சம் முன்னால் ஆம்பூரின் வண்டி பஞ்சர். புளியமரத்தடியில் ஒரு பெரியவர் கடை விரித்துக்கொண்டிருந்தார். விளிம்பு நசுங்கிய ஒரு அலுமினியச் சட்டியில் தண்ணீர். ட்யூபை உருவி, காற்றடித்து, கைகையாக எடுத்துத் தண்ணீருக்குள் அமுக்கிக்கொண்டே போனார். ஓரிடத்தில் நூல் மாதிரி குமிழி வந்தது. அந்த இடத்தில் விரலை வைத்தபடியே நிமிர்ந்து, "எங்க போறீங்க?" என்றார். மாயவரம் ஊர்ப் பேரைச் சொன்னான். "அங்க யாரு இருக்கா?" இவனிடம் பதில் இல்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஊதிக் காயவைத்து, ஒட்டு வைத்துச் சுத்தியலால் தட்டினார். "நா சின்னப்புள்ளைல அந்த ரயில்ல தரங்கம்பாடி போயிருக்கேன்" என்று அவராகச் சொன்னார். அவ்வளவுதான். காசு வாங்கிக்கொண்டு அடுத்த வேலையைப் பார்த்தார்.

ஆக்கூர் தாண்டியதும் மாயவரம் முன்னால் போய்விட்டான். அதுவரை எங்களோடு பேசிக்கொண்டு வந்தவன் வேகம் கூட்டி, சீட்டிலிருந்து எழுந்து மிதித்தான். பனி விலகியிருந்தது. சம்பா அறுப்பு நடந்துகொண்டிருந்தது. அறுத்த வயலில் தாள் மட்டும் நிற்க, அதற்கு நடுவே உளுந்து இரண்டு இலை விட்டிருந்தது. களத்தில் கட்டடித்துக்கொண்டிருந்தார்கள். வைக்கோல் வாசனை. பச்சை இன்னும் முழுக்கப் போகாத வைக்கோலுக்கு ஒரு வாசனை உண்டு, அதை வாங்கிவைக்க முடியாது, சொல்லிப் புரியவைக்கவும் முடியாது, அந்தச் சாலையில் சைக்கிளில் மிதித்து மூச்சு வாங்கும்போது தானாக உள்ளே போனால்தான் உண்டு. இப்போது அறுவடை இயந்திரம் வந்து வயலிலேயே நெல்லைப் பிரித்துவிடுகிறது, வைக்கோலை இன்னொரு இயந்திரம் உருளைகளாகக் கட்டிவிடுகிறது என்று தூத்துக்குடி சொல்கிறான். நல்லதுதான். அறுப்புக்கு ஆள் கிடைக்காமல் மழையில் நெல் முளைத்ததைப் பார்த்தவர்கள் அந்த இயந்திரத்தைக் குறை சொல்லமாட்டார்கள். குறை சொல்ல எனக்கென்ன யோக்கியதை, நான் அந்த வாசனையை அனுபவித்ததே விருந்தாளியாகத்தான்.

ஊர் இருந்தது. தெரு இருந்தது. வீடு இருந்த இடத்தில் யாரோ அவரைப் பந்தல் போட்டிருந்தார்கள். வேலிக்கு நட்ட பூவரசங்கம்புகள் மரமாகி நின்றன. அவன் அவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனான், வாயைத் திறக்கவில்லை. மதகு இருந்தது. அதில் ஏறி உட்காரப் போய், பெரியவர்களின் கால் தரையில் இடிக்கிறது என்று கண்டுகொண்டோம். ரயில் மேடு சீமைக்கருவை மண்டிக் கிடந்தது. ஒரு செங்கல் மதகின் மேல் மட்டும் வெறும் வானம். கேட்டு இருந்த இடத்தில் மரம் இல்லை. அடிக்கட்டை மட்டும், இரண்டு பேர் உட்காரும் அகலத்துக்கு, கோடாலித் தழும்புகளோடு. "இதாண்டா அந்த மரம்" என்று சொல்லிப் பேரையும் சொன்னான். விடுதியில் எத்தனையோ இரவுகள் சொன்ன பேர்.

பிறகு முள்ளை விலக்கிக்கொண்டு மேட்டில் ஏறினான். கையைக் குவித்தான். கூவினான்.

விடுதி அறையில் கேட்டதை நாங்கள் வித்தை என்று நினைத்திருந்தோம். சுவர் இல்லாத இடத்தில் அது போன தூரம் வேறு. வயலில் இருந்த கொக்கெல்லாம் ஒரே வீச்சில் எழுந்தது. களத்தில் கை நின்றது. மேட்டுக்குக் கீழே ஒரு கீற்று வீட்டிலிருந்து ஒரு கிழவி, இடுப்பில் கைவைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"எவன்டா அவன், செத்த ரயில கூப்புடுறவன்?"

இவன் இறங்கி அவள் முன்னால் போய் நின்றான். அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. நின்ற விதத்தைப் பார்த்தாள், ஒரு காலில் பாரம் போட்டு. "கெழக்கு வூட்டுச் சின்னவனா நீ? ஒங்கப்பனும் இப்புடித்தான் கோணிக்கிட்டு நிப்பான்." அப்பா இருக்கிறாரா என்று கேட்டாள். இல்லை. அம்மா? ஆவடியில். "நெல்லு அவிக்கிற வாசனை இல்லாம எப்புடி இருக்கா அவ?" என்று கேட்டாள். அதற்கும் இவனிடம் பதில் இல்லை. எங்கள் பக்கம் திரும்பி, "இந்தப் புள்ளைவோ யாரு?" என்று தலையெண்ணிவிட்டு உள்ளே போனாள். பழையதும் மோர்மிளகாயும் வந்தது. எனக்கு வார்க்கும்போது, "நீ எந்த ஊருப்பா?" என்றாள்.

நான் வழக்கம்போல யோசிப்பதற்குள் அவன் சொன்னான்: "நம்ம ஊருதான் ஆத்தா."

வாய்தவறி வந்த பேச்சுதான். அவன் அதை நினைவில் வைத்திருப்பானா என்று தெரியாது. எனக்கு இன்றுவரை அதற்கு மேல் ஓர் ஊர் அமையவில்லை.

பிற்பகலில் தில்லையாடி வழியாகப் போனோம். வள்ளியம்மையின் நினைவு மண்டபம் பூட்டிக் கிடந்தது. 1914-இல், காந்தியின் சத்தியாக்கிரகத்தில் சிறை போய்க் காய்ச்சலோடு வெளியே வந்து, பதினாறு வயதில் இறந்த பெண். பிறந்ததும் ஜோகன்னஸ்பர்க், இறந்ததும் ஜோகன்னஸ்பர்க். தில்லையாடி அவள் பெற்றோரின் ஊர். மறு வருடம் காந்தி அவளுக்காக இந்த ஊருக்கு வந்தார். பேருக்கு முன்னால் நிற்கும் ஊரில் ஒருவர் பிறந்திருக்க வேண்டியதில்லை என்பது அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

தரங்கம்பாடியைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். கோட்டை, கடல் தின்றதுபோக மிச்சமிருந்த மாசிலாமணிநாதர் கோயில், கருவாட்டு வாசனை. கோட்டை மதிலில் உட்கார்ந்துதான் மாயவரம் என்னைக் கிண்டலடித்தான். "எங்க கடற்கரையை வெள்ளைக்காரனுக்கு வித்துட்டுப் போனவன் ஊருக்கா வேலைக்குப் போற?" 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் இடம் வாங்கிக் கோட்டை கட்டிய டேனிஷ்காரர்கள் 1845-இல் செராம்பூரையும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனியிடம் விற்றுவிட்டுக் கப்பலேறினார்கள். "பாத்துக்க. அவனுவோ எதையும் வித்துருவானுவோ." அந்த நாயக்கர் டென்மார்க் அரசனுக்குத் தங்க ஓலையில் தமிழில் எழுதிய கடிதம் இங்கே கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. வந்த புதிதில் அதைப் பற்றி அவனுக்கு நீளமாக எழுதினேன். அதற்கு அவன் அனுப்பிய பதில் ஒரே வரி: "எங்க ஊரு வாய்க்கால்ல தண்ணி வந்துருச்சான்னு அதுல இருக்கா பாரு."

திரும்பும்போது திருக்கடையூரில் இருட்டிவிட்டது. ஐந்து வண்டியில் ஒன்றில்கூட டைனமோ எரியவில்லை. கோயில் வாசலில் மாலையும் கழுத்துமாக ஒரு கிழத் தம்பதி, பின்னால் பேரப்பிள்ளைகள். அவர்களைப் பார்த்துவிட்டு மாயவரம் சொன்னான், "நமக்கு அறுபது ஆனதும் இஞ்ச சைக்கிள்லயே வருவோம்டா. பொண்டாட்டிய கேரியர்ல வச்சு." சேலம், என் பெண்டாட்டி எடைக்கு நான் மாட்டேன் என்றான்.

அதற்குப் பிறகு வந்த இருட்டுதான் எனக்கு வேண்டும். வேறெதையும்விட அதுதான். பாதை தெரிந்தவன் அவன் ஒருவன் என்பதால் முன்னால் போனான். பின்னால் வருகிறவர்களுக்குக் குரல் கொடுத்துக்கொண்டே மிதித்தான். "பள்ளம்." இரண்டாவது வண்டிக்காரன் அதை வாங்கி, "பள்ளம்." மூன்றாவது. நான்காவது. கடைசியில் நான், எனக்குப் பின்னால் யாருமில்லாவிட்டாலும், "பள்ளம்" என்று சொல்லிவிட்டு ஹாண்டில்பாரை ஒடிப்பேன். "மாடு." மாடு, மாடு, மாடு, மாடு. "லாரி வருது, ஓரம்." ஓரம், ஓரம். நடுவில் தவளைச் சத்தமும் என் பெடல் செயின் கவரில் இடிப்பதும். முகம் தெரியவில்லை, ரோடு தெரியவில்லை, அந்தக் குரல் எங்கே இருந்ததோ அங்கே பாதை இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டே மாயவரம் வரை, பயமில்லாமல், களைப்பில்லாமல், இன்னும் கொஞ்ச தூரம் இருக்கக்கூடாதா என்று.

இருக்கவில்லை. சைக்கிள் கடைக்காரர் தூங்காமல் காத்திருந்தார். கைக்கடிகாரம் திரும்ப வந்தது.

இங்கே சாலையில் பள்ளம் கிடையாது. மாடு கிடையாது. டிசம்பரில் மூன்றே முக்கால் மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். ஆனால் ஒவ்வொரு வண்டியிலும் முன்னும் பின்னும் விளக்கு. நூற்றுக்கணக்கான பேர் சேர்ந்து மிதித்துக்கொண்டு போகிறோம். யாரும் யாருக்கும் எதையும் சொல்லவேண்டிய தேவை இல்லை.

அவனுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருடமாகிறது. வலது கையும் காலும் ஓரளவு தேறிவிட்டன. பேச்சு தேறவில்லை. நாம் சொல்வது எல்லாம் புரிகிறது. சொல்ல வருவதும் அவனுக்குத் தெரிகிறது. வாய்க்கு வரும்போது ஒரே சொல்தான் வருகிறது. ‘சரி.’ ஆமாம் என்பதற்கும் சரி, இல்லை என்பதற்கும் சரி. பசித்தால் சரி. கோபம் வந்தால் சரி, சரி. எழுதிக் காட்டச் சொன்னால் எழுத்தும் அப்படியே சிக்கிக்கொள்கிறது. இப்படி ஒற்றைச் சொல் மட்டும் தங்கிவிடுவது உண்டு என்று மருத்துவர் சொன்னாராம். அவன் வாயில் எத்தனை சொல் இருந்தது என்று அந்த மருத்துவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

அவன் குரலை நாங்கள் யாரும் பதிவு செய்யவில்லை. டேப் ரெக்கார்டர் இருந்த காலம்தான். வீடியோ காலம் வந்து எத்தனையோ வருடம் போனது. கல்யாணங்களில் எடுத்த படங்களில் தேடிப் பார்த்தோம். நாகஸ்வரத்துக்கு அடியில் எங்கேயோ அவன் பேசுவது தெரிகிறது, கேட்கவில்லை. கூவல் எதிலும் இல்லை.

ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் பேசுகிறோம். இங்கே பிற்பகல், அங்கே இரவு. அவன் மனைவி போனைச் சாய்த்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். அவர் ஆவடிக்காரர், அந்த ஊரைப் பார்த்ததில்லை. எங்களில் ஒருவன் தொடங்குவான். அவனுடைய ஊரை அவனுக்கே சொல்கிறோம். மேட்டூர் திறந்ததும் எப்படித் தண்ணீர் வரும் தெரியுமா என்று தூத்துக்குடி, கடைமடையில் ஒருநாள்கூட வாழாதவன், சொல்கிறான். தப்பாகச் சொன்னால் திரையில் அவன் இடது கை எழும்பும். சரி, சரி, சரி. திருத்துகிறான். எதைத் திருத்துகிறான் என்று கண்டுபிடிக்க எங்களுக்கு அரைமணி நேரம் ஆகும். நுரை முதலில் வருமா சருகு முதலில் வருமா என்பதற்கே ஒரு ஞாயிறு போனது. இந்த வருடம் அவனுக்கு அறுபது முடிகிறது. திருக்கடையூரா என்று சேலம் மெதுவாகக் கேட்டான். "சரி" என்றான். அது எந்தச் சரி என்று அவன் மனைவிக்கும் பிடிபடவில்லை.

இப்போது அந்த மரத்தில் நிற்கிறோம். கேட்டுக்காரர் கட்டில் போட்டிருந்த மரம். சேலம் இலுப்பை என்கிறான். ஆம்பூர் சத்தியமாகப் புளி என்கிறான். எனக்கு வாகை என்று ஒரு ஞாபகம். மூன்றுக்கும் கை எழும்பிவிட்டது. நாவல், புங்கை, ஒதியன், அத்தி வரை கேட்டாகிவிட்டது. அத்தி என்றபோது அவன் நெற்றியில் அடித்துக்கொண்டான். அடுத்த ஞாயிற்றுக்குத் தூத்துக்குடி தஞ்சாவூர்ப் பக்கத்து மரங்களை ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறான், இருபதுக்கு மேல் இருக்கிறதாம். ஆக்கூர், திருக்கடையூர்ப் பக்கத்துப் பெரியவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்த வண்டியில் போயிருந்தால், இரண்டு ஊருக்கும் நடுவில் வடபக்கமாகத் தெரு திரும்பும் கேட்டில், கட்டிலுக்கு மேலே என்ன மரம் நின்றது என்று கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள். காய் விழுந்து கட்டில் கயிறெல்லாம் கறையாகுமாம். கேட்டுக்காரர் திட்டிக்கொண்டே இருப்பாராம். அவ்வளவு ஞாபகம் இருக்கிறது எங்களுக்கு.